பெட்டியடியில் ஒரு படிப்பு

செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் என்றதும் நம் ஆட்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சிக்கனம். காரைக்குடிக்குப் போய் ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்கூட, இவ்வளவும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வயிற்றைக் கட்டினவர்கள் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழையாகவே பிறந்து ஏழையாகவே போய்ச் சேர்ந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் வேறொரு பழக்கம் இருந்தது. பணத்தைப் பற்றி வீட்டுக்குள் கூச்சப்படாமல் பேசினார்கள், பேசியதை எழுதி வைத்தார்கள், பிள்ளைகளையும் அந்தக் கணக்குக்குள் சின்ன வயதிலேயே கொண்டுவந்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பையன் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைசி ஆளாக, வேலை பழகப் போய்விடுவான். பர்மாவோ மலேயாவோ சிலோனோ, எங்கே வட்டிக்கடை இருக்கிறதோ அங்கே. அதற்கு முன்பே திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மனப்பாடமாகியிருக்கும். அரைக்கால், மாகாணி, காணி என்று இறங்கி, ஒன்றில் 320-ல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் சொல்லத் தெரிய வேண்டும். வட்டிக் கணக்கில் விரலை மடக்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். நீளமான ஒரே கூடம். அதற்குள் வரிசையாகப் பல கடைகள். கடை என்றால் ஒரு பாய், குட்டையான ஒரு சாய்வுமேசை, பணமும் பத்திரமும் வைக்க ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். மேலாள் அங்கே உட்கார்ந்திருப்பார், அவருக்கு அடுத்தாள் ஒருவர், கடைசியில் இந்தப் பையன். கூட்டுவது, எடுபிடி வேலை பார்ப்பது, வசூலுக்கு ஓடுவது, கடிதத்தை நகலெடுப்பது எல்லாம் அவன் தலையில். ராத்திரி ஏட்டில் எழுதியதும் பெட்டியில் இருக்கும் ரொக்கமும் ஒத்துவர வேண்டும். ஒரு காசு இடித்தாலும் தேடியாக வேண்டும். பகலெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே பாயை விரித்துப் படுப்பார்கள்.

முதலாளி வீட்டுப் பிள்ளைக்கும் விலக்கு இல்லை. அப்பச்சி (அப்பா) கடையில் அவனை அதட்ட ஆளிருக்காது என்று வேறொருவர் கடையில் சேர்த்துவிடுவதும் உண்டு. வேலைக்குப் போவது மூன்று வருஷத் தவணை. சம்பளத்தை முன்கூட்டியே பேசி எழுதிவிடுவார்கள். அதில் ஒரு பகுதியை வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பலேறலாம். தவணை முடிந்தால் ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு) போட்டு, ஒவ்வொரு இனமாக அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்த பிறகுதான் ஊர். 1938-ல் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போன ப. சிங்காரம் அந்த வாழ்க்கையைக் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் அருகிலிருந்து எழுதியிருக்கிறார். தேடிப் படியுங்கள்.

கடையைவிட எனக்கு வியப்பாக இருப்பது வீட்டுக்குள் இருந்த ஏற்பாடு. மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலத்தில் அவனையும் மருமகளையும் ‘வேறு வைத்து’விடுவார்கள். வீடு மாறாது. வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுக்கு, பின்கட்டில் ஒரு தனி அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அப்பச்சி அளந்து கொடுத்துவிடுவார். அதற்குள் குடித்தனம் நடத்துவது அவர்கள் சாமர்த்தியம். ஒரே கூரையின் கீழ் நாலைந்து அடுப்பு எரியும், நாலைந்து கணக்கு ஓடும். கல்யாணம், சாவு, முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் மொத்த வீடும் ஒரே பந்தியில் உட்காரும்.

பாசம் இருக்கிற இடத்தில் கணக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் குடும்பங்கள் எதில் உடைகின்றன என்று அவர்கள் யோசிக்க வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் போட்ட பணம், வீடு கட்டத் தம்பி அனுப்பிய பணம். அன்றைக்கு யாரும் எழுதிவைக்கவில்லை, கேட்கவும் கூச்சம். இருபது வருஷம் கழித்துப் பாகப்பிரிவினையில் அது வெடிக்கிறது. செட்டிநாட்டில் பெண்ணுக்குக் கொடுத்த சீதனப் பணத்தைக்கூட அவள் பேரில் தனிக் கணக்காக எழுதி வட்டிக்குப் போட்டார்கள். கல்யாண வீட்டில் இசைகுடிமானம் என்ற திருமணப் பத்திரம் எழுதுவார்கள். மொய்ப்பண ஏட்டில் சிறு தொகையும் பேரோடு ஏறும். சீதனமே பெரும் பாரமாகிப் பல குடும்பங்களை நசுக்கியது, அது நிஜம். ஆனால் கொடுத்தது எவ்வளவு, யாருடையது என்பதில் மூடுமந்திரம் இல்லை.

கோவில் கணக்கும் அப்படித்தான். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, அதாவது கோவில் வரிக்கு ஒரு கணக்கு. வட்டிக்கடை முதலாளியும் அவரிடம் சம்பளத்துக்கு இருப்பவரும் ஆளுக்கொரு புள்ளிதான், புள்ளிவரியும் ஒன்றுதான். பணம் வேறு, மதிப்பு வேறு என்பதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, கீழ்ப் பர்மாவில் செட்டியார்களிடம் வாங்கிய கடனை விவசாயிகளால் கட்ட முடியவில்லை. அங்கே முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது; 1938-ல் அது 25 பங்கு. கேட்டது பணம், வந்தது நிலம் என்று கடைக்காரர்கள் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் தன் வயலிலேயே குத்தகைக்காரனாகிப்போன பர்மியனுக்கு அது என்ன ஆறுதல்? பேரேட்டில் கடன்காரனின் பேரும் தொகையும் இருந்தன, அவன் வீட்டு நிலைமை இல்லை. 1942-ல் ஜப்பான் படை வந்ததும் செட்டியார்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவர நேர்ந்தது. 1948-ல் பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. இன்னொரு விலையை ஊரில் ஆச்சிமார் கொடுத்தார்கள். மூன்று மூன்று வருஷமாகப் புருஷன் முகம் பார்க்காமல் பிள்ளை வளர்த்து, வீட்டையும் கணக்கையும் கட்டிக் காத்தவர்கள் அவர்கள். நகரத்தார் உழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடல் தாண்டிய ஆண்களோடு நிறுத்திக்கொள்வது அநியாயம்.

இத்தனை கணக்குப் பார்த்தவர்கள்தான் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி அரண்மனை கட்டினார்கள். அது சிக்கனத்தில் சேராது. அந்த வீடுகளில் பல இன்று பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் பூட்டிக் கிடக்கின்றன. இடிக்கப்பட்டவற்றின் கதவுகளும் ஜாடிகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. அதே ஊரில் வள்ளல் அழகப்பச் செட்டியார் மத்திய மின்வேதியியல் ஆய்வுக் கழகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-ல் திறந்த அந்தக் கழகம் இன்றும் நடக்கிறது. எந்தச் செலவு நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர யாரும் ஆசைப்பட வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பையன் பள்ளியில்தான் இருக்க வேண்டும், கடையில் இல்லை. ஆனால் அவனிடமிருந்து வீட்டுக் கணக்கை முழுக்க மறைக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா சம்பளம் எவ்வளவு என்று தெரியாமலே பிள்ளைகள் கல்லூரி வரை போகிறார்கள். போனைக் காட்டினால் பணம் போகிறது, பொருள் வருகிறது. கடன் இருக்கிறது என்பது வசூல்காரர் வாசலில் நிற்கும்போதுதான் தெரிகிறது.

இந்த மாதச் சம்பளம் வந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தாளை எடுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், வண்டித் தவணை, அப்பத்தாவின் மருந்து என்று ஒவ்வொன்றாக அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அடகில் நகை இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். மகனுக்கு மட்டும் சொல்லிவிட்டு மகளை அடுக்களைக்கு அனுப்பிவிடாதீர்கள்.