உங்களுக்குத் தெரியுமா? கோட்டையும் பூட்டும் ஒரே எழுத்துக்கூட்டல்!

ரஷ்ய மொழியில் 33 எழுத்துகள்தான். செயலியோடு உட்கார்ந்தால் சில நாட்களில் பிடிபட்டுவிடும். சிக்கல் அப்புறம்தான். ஒரே சொல்லை 'ஸாமக்' என முன்னசையை அழுத்திச் சொன்னால் கோட்டை. 'ஸமோக்' எனப் பின்னசையை அழுத்தினால் பூட்டு! பாலுக்கான சொல்லில் மூன்று 'ஓ' எழுதுவார்கள். அழுத்தம் விழும் கடைசி 'ஓ' மட்டும்தான் ஓவாக ஒலிக்கும். மற்ற இரண்டும் 'அ' பக்கம் சாய்ந்து 'மலகோ' ஆகிவிடும். அழுத்தம் எங்கே விழும் என்று காட்டும் அழுத்தக்குறியைச் செய்தித்தாளிலோ நாவலிலோ பொதுவாகப் போடுவதில்லை. அகராதியிலும் பாடநூலிலும்தான் பார்க்கலாம்.

இங்கேதான் இணையம் கைகொடுக்கிறது. 'ஓப்பன்ரஷ்யன்' அகராதியில் ஒரு பெயர்ச்சொல்லைத் தேடினால், ஆறு வேற்றுமை வடிவங்களும் அழுத்தக்குறியோடு அட்டவணையாக வந்து நிற்கும். (எட்டு வேற்றுமை படித்த நாம் ஆறுக்குப் பயப்படலாமா?) 'ஃபோர்வோ' தளத்தில் ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே சொற்களை உச்சரித்துப் பதிவு செய்திருக்கிறார்கள், பல சொற்களை இரண்டு மூன்று குரல்களில் கேட்கலாம். 'டுவோலிங்கோ' 2015 முதல் ஆங்கிலம் வழியே ரஷ்யன் கற்றுத்தருகிறது. தினப்பழக்கத்துக்கு நல்லது. வேற்றுமைக்கு அதை மட்டும் நம்பினால் திண்டாட்டம்தான். பக்கத்தில் ஓர் இலக்கண நூல் இருக்கட்டும்.