சல்லடையும் பின்னல் ஊசியும்

தங்கைக்குக் குழந்தை பிறந்ததும் கம்பளி நூலில் ஒரு குல்லா பின்ன உட்கார்ந்தேன். கொருக்குப்பேட்டையில் மார்கழி விடியலுக்குத்தான் குல்லா தேவை, இருந்தாலும் ஆசை. குறிப்பில் 8-ஆம் நம்பர் ஊசி என்று இருந்தது. வீட்டில் கிடைத்தது அம்மாவின் பழைய 10-ஆம் நம்பர். ‘பெரிய நம்பர்தானே, கொஞ்சம் தொளதொளவென்று வரும், குழந்தை வளர்ந்தும் போடலாம்’ என்று பின்னி முடித்தேன். குல்லா உச்சந்தலையிலேயே நின்றுவிட்டது.

ஏன் என்று புரிய, அடுப்படியில் இருக்கும் சல்லடையைக் கையில் எடுங்கள். அதில் இருப்பது இரண்டே: கம்பி, கண். பின்னலும் அதேதான். நூல்தான் கம்பி. கண் எவ்வளவு பெரிது என்பதை ஊசி முடிவு செய்கிறது. ஒவ்வொரு கண்ணும் ஊசியின் உடம்பைச் சுற்றித்தானே உருவாகிறது!

தடித்த நூலை மெல்லிய ஊசியில் போட்டால் கண் அடைத்துக்கொள்ளும். துணி அட்டைபோல விறைக்கும், விரலும் வலிக்கும். மெல்லிய நூலைத் தடித்த ஊசியில் போட்டால், பருப்பே கீழே விழும் சல்லடைபோல விரிந்து தொங்கும். சால்வைக்கு அது அழகு, குல்லாவுக்கு ஆகாது.

நம்பர் செய்யும் குழப்பம்

பழைய ஊசி நம்பர், பிரிட்டிஷ் கம்பி கேஜ் கணக்கை ஒட்டியது. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அம்மாவின் ஊசியைப் பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியரில் பிடித்துப் பார்த்தோம்: 3.25 மி.மீ. எனக்கு வேண்டியிருந்தது 4 மி.மீ.

பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிற பஞ்சு நூல் 40-ஆம் நம்பர். அது 20-ஆம் நம்பரைவிடச் சன்னம்.

ஆனால், இன்று பின்னல் நூல் உறையில் அச்சிடும் 0 முதல் 7 வரையிலான எண் நேர்மாறு: 0 மிகச் சன்னம், 7 மிகத் தடி. எனவே ஊசியை மி.மீ. பார்த்தே வாங்குங்கள்:

1-ஆம் எண் நூல்: 2.25 – 3.25
3-ஆம் எண்: 3.75 – 4.5
4-ஆம் எண்: 4.5 – 5.5
5-ஆம் எண்: 5.5 – 8

முதல் தோசை

மாவு எவ்வளவு நல்லதானாலும் முதல் தோசை ஊற்றித்தான் பதம் பார்க்கிறோம். பின்னலுக்கும் ஒரு முதல் தோசை உண்டு. கையளவு சதுரம் பின்னி, நனைத்து உலர்த்தி, 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண் என்று எண்ண வேண்டும். ஒருவர் இறுக்கிப் பின்னுவார், ஒருவர் தளர்த்தி; உறையில் உள்ள எண்ணுக்கு உங்கள் கை தெரியாது.

குறிப்பு கேட்டது 10 செ.மீ.க்கு 22 கண். 88 கண்ணுக்கு 40 செ.மீ. சுற்றளவு. என் குல்லாவில் எண்ணினால் 26. அதே 88 கண் 34 செ.மீ.யில் அடங்கிவிட்டது.

குல்லாவை அவிழ்த்தேன். நூல் மடியில் இடியாப்பம்போலச் சுருண்டு கிடந்தது. 4 மி.மீ. ஊசி வாங்கி, முதலில் ஒரு சதுரம் பின்னினேன். 22 கண் வந்த பிறகே 88 கண்ணை ஊசியில் ஏற்றினேன்.