கட்டடப் புதுப்பிப்பில் மின்கம்பியிடல் திட்டம்

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது மின்சுற்றுகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது மின்கம்பியிடல் திட்டம் ஆகும். சுவர்ப் பூச்சுக்கு முன்பே இது முடிய வேண்டும். இல்லையெனில் குழாய் பதிக்கச் சுவரை மீண்டும் உடைக்க நேரும்.

சுமைக் கணக்கு

எந்த அறையில் எந்தக் கருவி என்பதே முதல் பட்டியல். இந்திய வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். 2000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும் (2000 ÷ 230). எனவே 6 ஆம்பியர் பிளக் போதாது; 16 ஆம்பியர் பிளக்கும் தனிச் சுற்றும் தேவை. விளக்கு, மின்விசிறிகளுக்கு 1.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியும், கீசர் போன்றவற்றுக்கு 2.5 அல்லது 4 சதுர மி.மீ. கம்பியும் இடுவது வழக்கம்.

பாதுகாப்பு

எம்.சி.பி. கம்பியைக் காக்கிறது, மின்னதிர்ச்சியிலிருந்து ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று, கம்பியை மாற்றாமல் பெரிய எம்.சி.பி. பொருத்துவது ஆபத்தானது. கம்பி தாங்கும் அளவைக் கடந்தும் அது விழாது. உறை உருகித் தீப்பிடிக்கலாம்.

பழைய இரண்டு துளை பிளக்குகளில் எர்த் இணைப்பு இல்லை. அவற்றை மூன்று துளை பிளக்காக மாற்றினால் மட்டும் போதாது. எர்த் கம்பியும் புதிதாக இழுக்கப்பட வேண்டும். இப்பணிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

பூசுவதற்கு முன் குழாய்கள் செல்லும் வழியைப் படமெடுத்து வைத்தால், பின்னாளில் ஆணி அடிக்கும்போது கம்பி சேதமாகாது.