வானத்தில் இரண்டரை மணி. வாசலுக்கு எத்தனை மணி?

கார்டன் ரீச்: கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால், "இரண்டரை மணி" என்று யாரும் சொல்லிவிடுவார்கள். கார்டன் ரீச்சில் குடியிருக்கும் நம்மவர் ஒருவர் ஊர் வாசலை மிதிக்க எவ்வளவு நேரம் என்பது வேறு கணக்கு. அவசரத்துக்குப் புறப்படுகிறவருக்கு வேண்டியது அந்தக் கணக்குதான்.

வில்லும் நாணும்

ஹௌராவிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் பாதையில் சுமார் 1,660 கிலோமீட்டர். டம்டம்மிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் 1,400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரயில் கட்டாக், விசாகப்பட்டினம், விஜயவாடா என்று கரையோரமாக வில்போல் வளைந்து போகிறது. வான்வழியின் நேர்கோடோ நாண்போல் வங்கக் கடலின் குறுக்கே விழுகிறது.

தூரத்தில் மிச்சம் முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை, மற்றதெல்லாம் வேகம். 1977-ல் ஓடத் தொடங்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஷாலிமாரிலிருந்து புறப்பட்டு இருபத்தைந்து மணிக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. சராசரி வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரே போனபின் 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது.

வான்வழியும் எப்போதும் இவ்வளவு நேராக இருந்ததில்லை. 1949-ல் தொடங்கிய இரவுத் தபால் விமானங்கள் சென்னை, கல்கத்தா, பம்பாய், டில்லி நான்கிலிருந்தும் நாகபுரியில் வந்து கூடின. அதில் சென்னை போக, முதலில் மேற்கே நாகபுரி. பிறகு தெற்கே சென்னை.

வீட்டுக் கணக்கு

ஷாலிமார் நமக்கு ஆற்றுக்கு அக்கரைதான். வித்யாசாகர் சேதுவில் ஏறி இறங்கினால் போதும். விமான நிலையமோ நகரத்தின் மறுகோடி. நெரிசலில் ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு மணி முன்னதாகப் போக வேண்டும். பயணம் இரண்டரை மணி. இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. ஆக மீனம்பாக்கம் வாசலுக்கே ஆறரை மணி!

இரவு ஒன்பது மணிக்கு ஊரிலிருந்து துக்கச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே எடுத்துவிடுவது பல ஊர்களில் வழக்கம். கோரமண்டல் மறுநாள் பிற்பகலில்தான் புறப்படும். சென்னை சேர்வது அதற்கடுத்த நாள் மாலை. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். காலை விமானம் பிடித்தால் நண்பகலுக்குள் மீனம்பாக்கம். நகருக்குள் போக வேண்டியதில்லை. எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் தாம்பரம், செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் உண்டு. தென்மாவட்ட பஸ்களுக்குக் கிளாம்பாக்கம். விழுப்புரத்துக்காரர் மாலைக்குள் போய்ச் சேரலாம். தஞ்சாவூர்க்காரருக்கு இரவாகிவிடும். நெல்லைக்காரர் பஸ்ஸை நம்பினால் விடிந்துவிடும். அவர் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ மாற்று விமானம் கிடைக்குமா என்று முதலிலேயே பார்ப்பது நல்லது.

எனவே, "பிளேனில் வருகிறேன்" என்று மட்டும் ஊருக்குச் சொல்லாதீர்கள். இரண்டரை மணியில் வந்துவிடுவார் என்று எண்ணி அங்கே காத்திருப்பார்கள். பொழுது சாய்ந்தால் தூக்கிவிடுவார்கள். வீட்டு வாசலுக்கு வந்து சேரும் மணியைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டி வைப்பதா, எடுத்துவிடுவதா என்பதை அவர்கள் தீர்மானிக்க அதுதான் உதவும்.

கடைசி நேர விமானச் சீட்டு விலை கையைக் கடிக்கும். ரயில்வேக்காரரின் பாஸ் தண்டவாளத்தோடு சரி, வானத்தில் செல்லாது. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் கோரமண்டல் இருக்கவே இருக்கிறது. முகம் பார்க்கப் போகிறவருக்குத்தான் விமானம்.