திரில்லர் வகைமை மரபும் மாணவர் திரைப்படத் தொடக்கமும்: உச்சிப்புளிக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மாணவர்கள் உருவாக்கும் திரைப்படத் தொடக்கங்களில் திரில்லர் வகைமையின் மரபுக்கூறுகள் எவ்வாறு கையாளப்படலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குக் கூறும் நான்கு நிலைக்களன்களை அளவுகோலாகக் கொண்டு, உச்சிப்புளியை ஒட்டிய நெய்தல் நிலத்தில் அவ்வகைமை எவ்வடிவம் பெறக்கூடும் என்பதும், அங்கு அம்மரபைச் சிந்தியாது பின்பற்றுவதால் நேரும் இடரும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திரில்லர், வகைமை மரபு, மெய்ப்பாடு, அச்சம், நெய்தல், மாணவர் திரைப்படம், உச்சிப்புளி.

தொடக்கம் என்னும் அலகு

கேம்பிரிட்ஜ் பன்னாட்டுப் பாடத்திட்டத்தின் ஊடகவியல் தாளில், புதிய புனைவுப்படம் ஒன்றின் பெயர்த்தலைப்புகளையும் தொடக்கத்தையும் இரண்டு நிமிடத்திற்கு மிகாமல் உருவாக்கும் பயிற்சி இடம்பெற்றுள்ளது. தமிழகக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகளில் மாணவர்கள் முழுக் குறும்படமே எடுப்பது வழக்கம். எனினும் தொடக்கத்தை மட்டும் தனி அலகாக எடுத்துப் பயில்வதில் ஒரு நன்மை உண்டு. கதையை முடித்து வைக்கும் பொறுப்பு மாணவருக்கு இல்லை. பார்வையாளரிடம் ஒரு வினாவை விதைத்தால் போதும். நான்கு நொடிக்கு ஒரு காட்சித்துண்டு எனக் கொண்டால் இரண்டு நிமிடத்தில் முப்பது துண்டுகளே அடங்கும். அவற்றுள்ளும் பெயர்த்தலைப்புகளுக்கு இடம் விடவேண்டும்.

இந்நெருக்கடியே மாணவரை மரபுக்கூறுகளின்பால் தள்ளுகிறது. இருண்ட தெரு, முகத்தை மறைத்த உருவம், ஓடும் கால்கள், கத்தியின் பளபளப்பு, தாழ்ந்த ஒலியில் அதிரும் பின்னணியிசை ஆகியவற்றைக் கண்டதும் பார்வையாளர் வகைமையை அறிந்துகொள்கிறார். ஆனால் வகைமையை அறிதல் வேறு, அஞ்சுதல் வேறு. இவ்வேறுபாட்டைத் தொல்காப்பியம் கொண்டு விளக்குவது எளிது.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அச்சம் பிறக்கும் களன்கள் நான்கு என்பது மெய்ப்பாட்டியல் கருத்து. அணங்கு இன்று பேய்ப்படமாகிவிட்டது. விலங்கிற்கு 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' படத்தின் தொடக்கம் ஒன்றே போதுமான சான்று: விலங்கு கண்ணுக்குப் படாமலேயே கடல்நீர் அச்சத்திற்குரியதாகிறது. கொலைஞனும் கடத்தல்காரனும் கள்வர் என்னும் களத்தில் அடங்குவர். மேற்கூறிய மரபுக்கூறுகள் பெரும்பாலும் இம்மூன்றாம் களத்தைச் சார்ந்தவையே. நான்காவதாகிய இறை, தம்மை ஆளும் நிலையிலுள்ள ஆற்றலைக் குறிப்பது. மாணவர் படங்கள் அதிகம் தொடாத களம் இது. பயிற்சிப் படத்திற்கு அது பொருந்தாது என்ற எண்ணம் காரணமாகலாம். தமிழ்த் திரைவரலாறு அவ்வெண்ணத்திற்குச் சான்று தரவில்லை.

எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) துப்பாக்கி ஓசையுடன் தொடங்குகிறது. நாயகனாகக் கருதத்தக்க சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறது. பாடல் எதுவும் இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது சென்னையில் குண்டு விழுந்த சூழலில் கதை நிகழ்கிறது. கொலையுண்டவன் ஒரு வானொலிப் பொறியாளன். அடுத்த வீட்டுக்காரர் காவல் நிலையத்திற்கு ஓடும்போது, கொன்றது யார் என்னும் வினாவோடு நாட்டிற்கு உண்மையாக இருந்தது யார் என்னும் வினாவும் படத்திற்குள் நுழையத் தொடங்குகிறது.

திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஆபாவாணன் எழுதித் தயாரித்து, ஆர். அரவிந்தராஜ் இயக்கிய 'ஊமை விழிகள்' (1986) இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கடற்கரை விடுதியில் பெண்கள் காணாமற்போவது கள்வர் களம். துப்பறியும் பத்திரிகையாளர்களை அரசியல் அதிகாரம் நெரிப்பது இறைக் களம். திரைப்படக் கல்வி பயின்ற இளைஞர்கள் வகைமை மரபைக் கைவிடாமலே அதிகாரத்தைப் பேசமுடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னோடி தேவையில்லை.

உச்சிப்புளியின் நிலமும் பொழுதும்

இராமநாதபுரத்திற்கும் மண்டபத்திற்கும் இடையே உச்சிப்புளி அமைந்துள்ளது. இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியே செல்கின்றன. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மக்கள் வழக்கில் வடகடலும் தென்கடலும். இடையே மணல், பனை, சீமைக்கருவேலம். உருவம் ஒன்று பதுங்குவதற்கேற்ற சந்துகளுள்ள நிலமன்று இது. தொலைவில் வருபவர் வெகுநேரம் முன்னரே கண்ணில் படுவார். இருட்டை நம்பிய மரபு இங்குப் பொருந்தாது.

முதற்பொருளும் கருப்பொருளும் மயங்கலாம், உரிப்பொருள் மயங்காது என்னும் தொல்காப்பியக் கொள்கையை இங்கு நீட்டிப் பார்க்கலாம். திரில்லருக்கு உரிப்பொருள், நேரவிருப்பதை எதிர்நோக்கும் அச்சம். இரவும் நகரமும் அதன் முதற்பொருள் மட்டுமே; அவை மாறலாம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) பிற்பகல் 2.43 மணி என்று திரையில் எழுதிக்காட்டி வெயிலிலேயே தொடங்குகிறது. அவரது 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) மறைவிடமற்ற வெட்டவெளியில், பட்டப்பகலில், ஒரு சிறு விமானத்தைக் கொண்டே நாயகனை ஓடவைக்கிறது. ஐ.என்.எஸ். பருந்து என்னும் கடற்படை வானூர்தி நிலையம் உச்சிப்புளியில் இருப்பதை எண்ணினால், தலைக்குமேல் கடந்துசெல்லும் வானூர்தி ஓசை இந்நிலத்தின் இயல்பான கருப்பொருளே என்பது விளங்கும். அந்நிலையத்தையோ அதன் சுற்றுப்புறத்தையோ படம்பிடிப்பதும் டிரோன் பறக்கவிடுவதும் உரிய இசைவின்றி இயலாதவை. ஆயின் தேவைப்படுவது ஓசை மட்டுமே. ஓசை திரைக்கு வெளியிலிருந்து வரும்போது அச்சம் கூடுமேயன்றிக் குறையாது.

யார்மீது ஐயம்?

மரபின் மற்றொரு கூறு, ஐயத்திற்குரிய அந்நியன். இக்கடற்கரையில் அக்கூறு எளிதில் தீங்காக மாறும். மண்டபம் முகாம், ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரைத் தொற்றுநோய் அஞ்சித் தங்கவைத்த இடம். பின்னர் ஈழ ஏதிலியரின் முகாம். கடல் அட்டை பிடிப்பு 2001இல் தடைசெய்யப்பட்டபின் அதுவரை தொழிலாக இருந்தது குற்றமாயிற்று. எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படை மீனவரைக் கைதுசெய்வது தொடர்கிறது. இத்தகைய இடத்தில் கைலி கட்டிய ஒருவரைத் தாழ்கோணத்தில், எதிரொளியில் நிறுத்தி, அச்சமூட்டும் இசையையும் சேர்த்தால், கதை தொடங்குமுன்னரே ஒரு சமூகம் குற்றவாளியாகக் காட்டப்பட்டுவிடுகிறது. அஞ்சுபவரையே அச்சுறுத்துபவராக மாற்றும் இப்பிழை, ஒளிப்பதிவுப் பிழைகளினும் பெரிது. மதிப்பீட்டுப் பட்டியல்கள் சட்டக அமைப்புக்கும் ஒலித்தெளிவுக்கும் மதிப்பெண் வகுப்பதுபோல் இதற்கு வகுப்பதில்லை என்பது கவலைக்குரியது.

பத்தாவது படகு

மாற்று வழியை ஒரு கற்பனைத் தொடக்கத்தின்மூலம் காட்டலாம். எற்பாடு, அதாவது நெய்தலுக்குரிய சிறுபொழுது. முதல் துண்டில் நடுக்கடலில் ஒரு பிளாஸ்டிக் மிதவை மட்டும் அலைகிறது. அதில் மஞ்சள் வண்ணத்தில் ஓர் எண். அடுத்துக் கரையில் ஒரு பெண் திரும்பிவரும் நாட்டுப்படகுகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வந்துவிட்டன. அவளருகே காயும் வலையில் அதே மஞ்சள் எண் எழுதிய மிதவைகள். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பதைப் பார்வையாளர் முன்னரே அறிந்திருந்தால் சில நொடி அதிர்ச்சிக்கு மாறாகப் பல நிமிடப் பதற்றம் பிறக்கும் என்று ஹிட்ச்காக் துரூஃபோவிடம் விளக்கியது நினைவுகூரத்தக்கது. இங்கு வெடிகுண்டின் இடத்தில் மிதவை நிற்கிறது. அவள் அறியாததைப் பார்வையாளர் அறிவர்.

அதன்பின் சீருடையினர் இருவர் மணலில் நடந்து வருகின்றனர். முகங்கள் சட்டகத்திற்குள் வரவில்லை.

"காலையில எத்தனை போட்டு போச்சு?"

"ஒம்பதுதான் சார்."

இப்பொய்யோடு படத்தின் பெயர் தோன்றுகிறது. நெய்தலின் இரங்கல் இறை குறித்த அச்சமாக மாறும் இடம் இது. முன்பு மிதவையைக் கண்டதால் அவளைவிடக் கூடுதலாக அறிந்திருந்த பார்வையாளர், அவள் பொய் சொல்வதற்கான காரணத்தை அறியாமையால் இப்போது அவளைவிடக் குறைவாக அறிந்தவராகிறார். வகைமை மரபில் உண்மையிலேயே கற்கவேண்டியது அறிவைப் பங்கிடும் இம்முறையே. இதற்குக் கத்தியோ குருதியோ தேவைப்படவில்லை. செலவு என்று சொல்லத்தக்கது ஒலிவாங்கிக்கு ஒரு காற்றுத்தடுப்பு உறை. கச்சான் வீசும் மாதங்களில் அஃதின்றி இந்தக் கரையில் ஓர் உரையாடலும் பதிவாகாது.