உணவுக்கு வீரியம் உண்டென்றால் ஆபத்தும் உண்டு

சில வார இணையவழிப் பயிற்சி, முடிவில் ஒரு சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு ‘முழுமை உணவு ஆலோசகர்’ என்று பெயர் போட்டு, ஆளுக்கொரு டயட் சார்ட் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, மாதக் கட்டணம் வாங்குகிறவர்கள் இன்று ஏராளம். வீட்டிலிருந்தே செய்யலாம், முதலீடு வேண்டாம் என்பதால் பெண்கள் பலர் இதை ஒரு தொழிலாக நம்பி வருகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. இந்தத் தொழிலின் அடியில் கிடக்கும் ஒரு நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்கிறேன்: “உணவுதானே, இதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?” ஆலோசகர், நாடி வருபவர் இருவரையும் ஆபத்தில் தள்ளுவது இந்த நினைப்புதான்.

உணவால் நோயின் போக்கையே மாற்ற முடியும் என்பதற்கு உறுதியான சான்றுகள் இருக்கின்றன. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் சென்னை ஆய்வாளர்கள் நடத்திய சோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தது. வழக்கம்போல் விடப்பட்ட குழுவில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்ட குழுவில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. 2017இல் வெளியான ‘டைரக்ட்’ என்ற பிரிட்டன் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. எடை குறைக்கும் கடுமையான உணவுத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர், மாத்திரை இல்லாமலே ஓராண்டு முடிவில் நீரிழிவு வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள். உணவு ஆலோசகர்கள் ஆசையோடு எடுத்துக்காட்டும் ஆய்வு இது. ஆனால் அதன் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. மாத்திரைகள் நிறுத்தப்பட்டது மருத்துவக் கண்காணிப்பில். நடத்தியவர்கள் அதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர்களும் டயட்டீஷியன்களும். சர்க்கரையை இவ்வளவு இறக்கும் வலிமை ஒரு உணவுத் திட்டத்துக்கு இருக்கிறதென்றால், அதே திட்டம் தவறான உடலில் எவ்வளவு கெடுக்கும் என்ற கேள்வி தானாக எழவேண்டும்.

கெடுதல் வரும் வழிகள் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் காலையில் கீரைச் சாறு, பகலில் இளநீர், மாலையில் பழச்சாறு என்று எழுதிக் கொடுத்தால், வெளியேற வழியில்லாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும், நிறுத்தியும் விடும். செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டு வார்ஃபரின் சாப்பிடுகிறவர் திடீரென்று கீரையைக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்து ரத்தம் உறைய இடம் கொடுக்கும். கிளிமெபிரைடு என்ற நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டே விரதம் இருப்பவருக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்வது உயிரோடு விளையாடுவது. இத்தனைக்கும் மேற்சொன்னவற்றில் தீய பொருள் என்று ஒன்றுகூட இல்லை; கீரையும் இளநீரும் விரதமும்தான். தண்ணீரும் அப்படித்தான். இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டு ஒரு பெண், உணவு ஆலோசகர் ஒருவரின் திட்டப்படி தண்ணீரை மிகுத்து உப்பைக் குறைத்தார். ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வந்தது, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. வாந்தி எடுத்தபோதுகூட, உடல் சுத்தமாவதன் அறிகுறி என்று தேற்றப்பட்டதாக அவர் தரப்பு சொன்னது. 2008இல் எட்டு லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட இழப்பீட்டில் வழக்கு சமரசமானது. ஆலோசகர் தரப்பு பொறுப்பை ஏற்கவில்லை.

இந்தியச் சட்டம் இந்தத் தொழிலை மெதுவாகத்தான் கவனிக்கத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன்படி சுகாதாரத் தொழிலர் என்றால் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும். துணைமருத்துவத் தொழிலர் என்றால் 2,000 மணி நேரம். பதிவு பெறாதவர் பெற்றவராகக் காட்டிக்கொள்வது தண்டனைக்குரியது. சில வாரச் சான்றிதழ் இந்த மணிக்கணக்கின் அருகில்கூட வராது என்பதைப் பணம் கட்டிச் சேரும் முன்பே மாணவர் அறிய வேண்டும். அதைச் சொல்லாமல் சேர்க்கும் நிறுவனம் முதலில் ஏமாற்றுவது நோயாளியை அல்ல, தன் மாணவரைத்தான். இச்சட்டப்படி மாநில மன்றங்கள் அமைவதில் நடந்த தாமதத்துக்கு 2024இல் உச்ச நீதிமன்றமே கெடு விதிக்க வேண்டி வந்தது. அந்தத் தாமதத்தை உரிமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

“பாட்டி எந்தப் பதிவேட்டில் இருந்தாள்? அவள் சொன்னதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்” என்பது அடிக்கடி வரும் மறுப்பு. பாட்டி கட்டணம் வாங்கவில்லை, ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்லவில்லை, முன்பின் தெரியாதவரின் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்வதற்கும் ஒருவருக்கென்று எழுதிக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. நல்வாழ்வுப் பிரபலங்களுக்காக 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இது உண்டு: தண்ணீர் குடியுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் போன்ற பொது அறிவுரைக்குக் கட்டுப்பாடில்லை, குறிப்பிட்ட நோயையோ பொருளையோ தொட்டுப் பேசினால் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், தன் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல என்றும் தெளிவுபடுத்த வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உரிமம் இல்லாமல் கட்டண ஆலோசனை தந்த ஒருவருக்கு 2017இல் அபராதம் விதிக்கப்பட்டது. இது பேச்சுரிமையைப் பறிப்பது என்று அவர் வழக்காடினார். 2022இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. இதற்கிடையே 2020இலேயே அம்மாநிலம் சட்டத்தைத் தளர்த்தியிருந்தது. நோய்க்காக மருத்துவரின் நேரடிக் கவனிப்பில் இருந்து, அந்த நோய்க்கு உணவுச் சிகிச்சையும் தேவைப்படுபவரைத் தொடாதவரை, உரிமமில்லாதவரும் ஆலோசனை சொல்லலாம். எனக்கு இது நியாயமான எல்லையாகப் படுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. அரசு மருத்துவமனையின் நெரிசலில் டாக்டருக்கு உணவைப் பற்றிப் பேச நேரம் ஏது? அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்கிறவர் இந்த ஆலோசகர்தானே? உண்மைதான். என்ன சமைக்கிறார்கள், ரேஷன் அரிசியைத் தவிர வேறு என்ன வாங்க முடிகிறது, இரவு வேலைக்காரர் எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த இடம் இந்த ஆலோசகர்களுக்குத் தாராளமாக உண்டு. ஆனால் அப்படிக் கேட்பவர் முதல் சந்திப்பிலேயே நோய்களையும் மருந்துகளையும் எழுதி வாங்க வேண்டும். சிறுநீரகம், இதயம், கல்லீரல், கர்ப்பம், புற்றுநோய், இன்சுலின், உணவைக் கண்டே பயப்படும் மனநிலை, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவரிடமோ மருத்துவமனைப் பயிற்சியுள்ள டயட்டீஷியனிடமோ அனுப்ப வேண்டும். எந்த மருந்தையும் நிறுத்தவோ குறைக்கவோ சொல்லக் கூடாது. தானே எழுதிக் கொடுத்த பொடியைத் தானே விற்பதும் கூடாது என்பேன். லாபம் நுழைந்த இடத்தில் கணிப்பு கோணும். அந்தப் பொடியை நீரிழிவைக் குணமாக்கும் மருந்தென்று விளம்பரம் செய்தால் 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டம் பாயும். முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை. உணவென்று சொல்லி விற்றாலும் தப்ப முடியாது: பொய்யான உணவு விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

நாடிச் செல்பவர்கள் படிப்பு எங்கே, எத்தனை ஆண்டு, மருத்துவமனைப் பயிற்சி உண்டா என்று தயங்காமல் கேட்கலாம். பதில் சொல்ல முகம் சுளிப்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். பணம் கட்டிவிட்டால் அது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’. “பணம் திருப்பித் தரப்படாது” என்று ரசீதில் அச்சிட்டிருப்பதாலேயே உரிமை போய்விடாது. ரசீது, டயட் சார்ட், வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். உடல் சரியில்லாமல் போனால் அந்தத் திட்டத்தை டாக்டரிடம் காட்டி, அவர் குறிப்பில் அது பதிவாகும்படி கேளுங்கள். உணவுக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை நிறுவ அந்தக் குறிப்பைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீரவில்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, ஆலோசகர் எந்த ஊரில் இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும்.