புயலுக்குத் தாங்கும் கோழிக் கொட்டகைக் கூரை

2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் தென்னைகளோடு கொட்டகைகளும் ஏராளமாகச் சாய்ந்தன. ஐப்பசி பிறக்குமுன் கோழிப் பண்ணையாளர்கள் தங்கள் கூரையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அரை மி.மீ. இரும்புத் தகட்டின் எடையோ அதே பரப்புக்குச் சுமார் 5 கிலோதான். பக்கம் திறந்த கொட்டகையில் காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தூக்கும்.

டிரஸ் கனமாக இருந்தால் போதும் என்பது பலரின் எண்ணம். டிரஸ் அகலவாக்கில் உறுதியானது. நீளவாக்கில் தள்ளினால் எளிதில் சாயும். வரிசையாக நிறுத்திய செங்கற்களில் ஒன்றைத் தள்ளினால் எல்லாம் சரிவதுபோல், ஒரு டிரஸ் சாய்ந்தால் மற்றவையும் சாயும்.

நான்கு மூங்கில் சிம்புகளைச் சதுரமாகக் கட்டி இழுத்துப் பாருங்கள், கோணிப்போகும். மூலைக்கு மூலை ஒரு சிம்பு கட்டினால் அசையாது. முக்கோணத்தின் பலம் இதுவே. இதைக் கூரையிலும் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. கொட்டகையின் இரு கோடிகளிலும், முதல் இரண்டு டிரஸ்களுக்கு இடையே, கூரைச் சரிவில் இரும்புக் கம்பிகளைப் பெருக்கல் குறிபோல் கட்டவும். கம்பி இழுவையை மட்டுமே தாங்கும். காற்று இரு திசையிலும் அடிக்கும். ஆகவே இரண்டு கம்பிகள் தேவை. நீளமான கொட்டகையானால் நடுவிலும் கட்டவும்.

2. அதே இடங்களில் தூண்களுக்கு இடையிலும் இவ்வாறே கட்டவும். இல்லாவிடில் கூரை தாங்கிய விசை தரைக்கு இறங்காது.

3. டிரஸ்களின் அடிச்சட்டங்களை நீளவாக்கில் ஆங்கிளால் இணைக்கவும். காற்று தூக்கும்போது அடிச்சட்டம் அமுக்கப்பட்டுப் பக்கவாட்டில் வளையும்.

4. தொய்ந்த கம்பியால் பயனில்லை. முறுக்கி இறுக்கும் திருகு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை இறுக்கவும்.

5. முகடு, இறவாரம், மூலைகளில் காற்றின் உறிஞ்சல் அதிகம். அங்கே தகட்டுக்கு போல்ட்டுகளை நெருக்கமாக இடவும். தூண்களைக் கான்கிரீட் கடைக்காலில் நன்கு பதிக்கவும்.

பழைய கொட்டகையிலும் இவற்றைச் செய்யலாம். ஒரு தொகுதிக் கோழிகளை விற்று, அடுத்த குஞ்சுகளை விடும் இடைவெளியே ஏற்ற சமயம். கூரை விழுந்தால் கோழிகளும் போகும். அதை நோக்க, சில கம்பிகளின் செலவு பெரிதல்ல.